ஏழாம் நம்பர் மருந்தல்ல

3 டிசம்பர் 1998, வியாழன்

மழை. குலவணிகர்புரம் ரயில்வே கேட் இன்றைக்கும் என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. பஸ்ஸில் மடியில் தெர்மாஸ் பிளாஸ்க். பக்கத்தில் இருந்த அம்மா, "ஆஸ்பத்திரிக்குக் காப்பியா?" என்று கேட்டார். "ஆட்டு ரத்தம்" என்றேன். அடுத்த ஸ்டாப்பில் வேறு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்லியிருக்கலாம்தான். ஐந்து வருஷமாக இந்தப் பதிலால் எனக்குப் பஸ்ஸில் தாராளமாக இடம் கிடைத்து வருகிறது, அதை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

உம்மாவுக்கு இந்த பிளாஸ்க் ஆகவே ஆகாது. கறிக்கடையிலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போய்விட வேண்டும். "ஏளா, அந்த நஜீஸ வாசல் தாண்டி உள்ள கொண்டாந்தியோ, பிளாஸ்க்கோட சேத்து உன்னையும் தெருவுல நிறுத்திருவேன்." சிந்திய ரத்தம் அசுத்தம் என்பது மார்க்கம், எனக்கும் தெரியும். ரத்தம் இல்லாமல் என் வேலை இல்லை என்பது அவளுக்கும் தெரியும். வாசற்படியை எல்லையாக வைத்து இருவரும் சமாதானமாக இருக்கிறோம்.

புது முதல்வர் லேபைப் பார்க்க வந்தார். "விஷவாயுவையா மருந்தாக்குறீங்க?" என்று அவர் கேட்டதும் என் வழிகாட்டி நாறும்பூநாதன் சார் என்னைப் பார்த்தார். எத்தனையாவது தடவையோ, சொன்னேன். மூடின அறையில் கரி அடுப்பு எரிந்தால் ஆளைக் கொல்கிற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. அதே வாயுவை நம் உடம்பே துளித்துளியாகத் தயாரிக்கிறது, ரத்தக் குழாய் தளர அது உதவக்கூடும் என்று சில வருஷங்களாக வெளிநாட்டுக் கட்டுரைகள் சொல்கின்றன. அப்படியானால் அந்த வாயுவை ஓர் உலோகத்தோடு கட்டிப்போட்டு, உடம்புக்குள் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டால் என்ன? சாருடைய கேள்வி அது. ருத்தேனியம் என்ற உலோகத்தின் உப்பை, ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஃபார்மிக் அமிலத்தில் கொதிக்க வைத்து நான் அந்தக் கட்டைப் போடுகிறேன். ஆறு சேர்மங்கள் உருப்படவில்லை. ஏழாவது உருப்பட்டது. லேபில் அதன் பெயரே ஏழாம் நம்பர்தான்.

முதல்வர் தலையாட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். ஃபார்மிக் அமில நெடி அப்படி.

மார்ச் 31-இல் என் உதவித்தொகை முடிகிறது. மே 31-இல் சார் ஓய்வு பெறுகிறார். அதற்குள் தீசிஸ். முடியும். முடிக்காமல் விடமாட்டேன்.

9 டிசம்பர், புதன்

பேப்பரில் வந்துவிட்டது. நான்காம் பக்கத்தில், சாரின் படத்தோடு. "விஷவாயுவிலிருந்து ரத்தக் குழாய் அடைப்புக்கு மருந்து: நெல்லைப் பேராசிரியர் சாதனை." என் பெயர் கடைசி வரியில், "மாணவி ஒருவர் உதவியுடன்" என்று.

ஒருவராம். சரி, இருக்கட்டும்.

சார் நிருபரிடம் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டார். ஆனால் மறுக்கவும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறார், எத்தனையோ பேர் இவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். இன்று காலை மூன்று பேர் லேப் வாசல் வரை வந்து கை குலுக்கினார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

12 டிசம்பர், சனி

எதிர்வீட்டு ஆபிதா லாத்தா அந்தப் பேப்பரை நாலாய் மடித்துக்கொண்டு வந்தார். பீடி சுற்றுகிற விரல்கள், நகமெல்லாம் புகையிலைப் பழுப்பு. அவர் கணவர் பீர் மைதீன் மச்சானுக்கு வலது கால் விரல் இரண்டு கறுத்துக் கிடக்கிறது. குழாய் சுருங்கி ரத்தம் போகவில்லை. பீடிதான் காரணம் என்கிறார் டாக்டர், மச்சான் கேட்பதில்லை.

"பானு, ரத்தக் குழாயத் திறக்குத மருந்தாம்லா. நீதான் செய்யுதேன்னு உங்க உம்மா சொன்னாவ. ஒரு பொட்டலம் எடுத்துட்டு வா."

"அது மருந்து ஆகல லாத்தா. இன்னும் எலிக்கே கொடுக்கல."

"எலிக்கு என்னத்துக்கு? எலியா பீடி குடிச்சுது?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரெண்டு மாசத்தில் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன்? முடியாது என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? என் சரக்கு ஒருவர் காலைக் காப்பாற்றும் என்கிற நினைப்பு தித்திப்பாக இருந்தது, அதுதான் காரணம்.

22 டிசம்பர், செவ்வாய்

இரண்டாம் நோன்பு. பைப்பெட்டை வாயால் உறிஞ்ச முடியாது. ஒரு துளி தொண்டைக்குள் போனால் நோன்பும் போச்சு, நானும் போச்சு. உறிஞ்சுகிற ரப்பர் பல்பு கேட்டேன். ஸ்டோரில் ஒன்று இருந்தது, கிழிந்து. ஒவ்வொரு ரமலானிலும் இதே பாடுதான். போன வருஷமெல்லாம் நோன்பு மாதம் முழுக்க எழுத்து வேலை மட்டும் செய்தேன். இந்த வருஷம் அதற்கு நாள் இல்லை.

எப்போதும் செய்கிற முறை இது: தண்ணீர் கலந்த ரத்தம், அதில் ஹைட்ரோஸ் கரைசல் (ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை நீக்க), கடைசியில் ஏழாம் நம்பர். ஏழிலிருந்து வாயு அவிழ்ந்து ரத்தத்தில் ஏறும். ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்து எழுதுவோம். மற்ற இரண்டையும் முன்பே அளந்து வைத்துவிடலாம், ஹைட்ரோஸைத்தான் அப்போதைக்கப்போது கரைத்து, அளந்து உறிஞ்ச வேண்டும். ஆகவே இன்று, ரத்தத்தையும் ஏழையும் மட்டும் நாலு மணிக்குக் கலந்து மூடி வைத்தேன். நோன்பு திறந்து வந்து ஹைட்ரோஸ் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

பேரீச்சம்பழமும் தண்ணீரும் முடித்துத் திரும்பி வந்து, சும்மாதான், கை சும்மா இருக்காமல் அதில் ஒரு சொட்டு எடுத்துக் காஸ்டிக் சோடாவை விட்டேன். பழைய புத்தகத்துச் சோதனை. விஷவாயு ஏறின ரத்தம் காஸ்டிக் பட்டாலும் சிவப்பாகவே நிற்கும். சாதாரண ரத்தம் கறுத்துப் பழுப்பாகிவிடும்.

பழுப்பு.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏழோடு கிடந்த ரத்தம். பழுப்பு!

கண்ணாடிக் கோப்பை அழுக்கோ? காஸ்டிக் கெட்டுப் போயிருக்குமோ? பசி மயக்கமோ?

23 டிசம்பர், புதன்

புதுக் கோப்பை, புதுக் காஸ்டிக். நாலு தடவை. நாலும் பழுப்பு.

25 டிசம்பர், வெள்ளி

கல்லூரி விடுமுறை. ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்த வாப்பாவோடு சாயப்பட்டறைக்குப் போனேன். நூலுக்கு நீலம் முக்குகிற நாள். தொட்டியில் காஸ்டிக், மேலே ஹைட்ரோஸ். சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். தண்ணீரில் கரையவே கரையாத நீலத்தூள், ஹைட்ரோஸ் விழுந்ததும் மஞ்சளாகிக் கரைந்துவிடும். நூலை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால் நீலம் திரும்ப வரும்.

"வாப்பா, ஹைட்ரோஸ் ஒண்ணும் பண்ணாம சும்மா கிடக்குமா?" என்று கேட்டேன்.

வாப்பா என்னைப் பார்த்த பார்வையில், இவளையா எம்.எஸ்ஸி. படிக்க வைத்தோம் என்பது தெரிந்தது. "ஹைட்ரோஸா? அது என்னைக்கு சும்மா கிடந்துச்சு? தொட்டதை எல்லாம் உரிச்சிரும். சாயம் தப்பாப் பிடிச்சா அதைப் போட்டுத்தான உரிக்கோம். டப்பா மூடிய ஒழுங்கா மூடலேன்னா தன்னையே எரிச்சுக்கிடும்."

பட்டறையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் லேபுக்குள் போனதும் அதற்கு சோடியம் டைதயோனைட் என்று ஒரு பெயர். பெயர் மாறினதும் சாதுவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேனா? கட்டுரைகளில் எல்லாரும் போடுகிறார்கள், நானும் போட்டேன். ஐந்து வருஷம் ஏழாம் நம்பரையும் ஹைட்ரோஸையும் ஒரே குழாயில் போட்டுவிட்டு, வாயுவை அவிழ்த்தது ஏழுதான் என்று எழுதியிருக்கிறேன். அவிழ்த்தது ஹைட்ரோஸாக இருந்தால்?

மனுஷன் உடம்பில் ஹைட்ரோஸ் ஓடவில்லை.

28 டிசம்பர், திங்கள்

ரத்தமும் ஹைட்ரோஸும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் காஸ்டிக் சோதனையே ஏமாற்றும். இரண்டு குடுவை, நடுவில் ரப்பர் குழாய். முதல் குடுவையில் ஏழும் தண்ணீரும். மீன் தொட்டிக்கு வைக்கிற பம்பு அதில் காற்றை ஊத, வருகிற வாயு இரண்டாம் குடுவையில் இருக்கிற ரத்தத்துக்குள் போகும்.

ஒரு மணி நேரம் ஊதினேன். ரத்தத்தில் ஒரு சொட்டு: பழுப்பு.

முதல் குடுவையில் ஒரு சிட்டிகை ஹைட்ரோஸ் போட்டேன். பத்து நிமிஷத்தில் ரத்தம் செர்ரிப் பழம் மாதிரிச் சிவந்தது. சொட்டு: சிவப்பு.

ஏழு இல்லாமல் வெறும் ஹைட்ரோஸ் மட்டும்: பழுப்பு.

அவ்வளவுதான். என் தீசிஸின் மூன்றாம் அத்தியாயம், நாற்பத்தெட்டுப் பக்கம், பதினோரு அட்டவணை, ஒரு சிட்டிகையில் போய்விட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. யார் மேல்? அட்டவணை எல்லாம் என் கையெழுத்து.

30 டிசம்பர், புதன்

சாரிடம் காட்டினேன். இரண்டு குடுவையையும் நின்று பார்த்தார். மூன்று சோதனையையும் பார்த்தார். தன் அறைக்குப் போனார். பின்னாலேயே போனேன்.

"ஏ பானு, பார்மசி கல்லூரியில ஏழு விட்டா ஆட்டுத் தமனி தளருதா இல்லையா? அதுல நாம ஹைட்ரோஸா போட்டோம்? வாயு வராமலா தளருது?"

"அதான் சார் எனக்கும் பயமா இருக்கு. வாயு வரலைன்னா அது எதனால தளருது?"

"திசுவுக்குள்ள போனா வேற மாதிரி அவிழும். தண்ணியில அவிழலைன்னா உடம்புல அவிழாதுன்னு ஆச்சா? நீ கேள்வி கேக்குத நேரமா இது? கையெழுத்துப் பிரதிய முடிக்குத நேரம்."

தவறில்லை, உடம்பில் வேறு மாதிரி நடக்கலாம். ஆனால் 'நடக்கலாம்' என்பதைத் தீசிஸில் 'நடக்கிறது' என்று எழுத மாட்டேன். சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

2 ஜனவரி 1999, சனி

பார்மசி கல்லூரி. தமனிச் சோதனைக்கு எங்களுக்கு அங்கே சனிக்கிழமை மதியம் மட்டும்தான் இடம். உதவியாளர் சாரம்மாள் அக்கா எனக்காக உருளையில் தாள் சுற்றி, மண்ணெண்ணெய்ப் புகையில் கறுப்பாக்கி வைத்திருந்தார். ஆட்டுத் தமனியில் ஒரு வளையம் வெட்டி உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, நூலை முள்ளோடு கட்டினால், வளையம் இறுகும்போது முள் கறுப்புத் தாளில் மேலே ஏறிக் கோடு கிழிக்கும், தளர்ந்தால் கீழே இறங்கும். அட்ரினலின் விட்டால் ஏறும். ஏழு விட்டால் இறங்கும். கோடு இறங்கியதும் கைதட்டி, தாளை வெட்டி, வார்னிஷில் முக்கிக் காயப்போட்டுவிடுவோம். எப்போதும் அத்தோடு நிறுத்திவிடுவோம். ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டுமே.

இன்று நிறுத்தவில்லை. கோடு இறங்கிய பிறகு வளையத்தைக் கழுவி, மறுபடி அட்ரினலின் விட்டேன். தளர்ந்த குழாய் என்றால் மறுபடி இறுக வேண்டும்.

ஏறவில்லை. இன்னொரு தடவை கழுவினேன். ஏறவில்லை. மூன்றாவது தடவை இரட்டிப்பாக விட்டேன். முள் அசையவில்லை.

ஏழு படாத வளையம் ஒன்றையும் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அது மூன்று தடவையும் சுறுசுறுப்பாக ஏறியது. பிறகு அதற்கு, கார்பன் மோனாக்சைடே இல்லாத வெறும் ருத்தேனிய உப்பை விட்டேன். ஏழு விட்டதுபோலவே பைய இறங்கி, அதுவும் எழுந்திருக்கவில்லை.

சாரம்மாள் அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எம்மா, இது தளரலம்மா. செத்துப்போச்சு."

ஆமாம். நாங்கள் கைதட்டியதெல்லாம் அதற்குத்தான். தளர்வதும் சாவதும் தாளில் ஒரே கோடுதான். கழுவிப் பார்த்தால் அல்லவா வித்தியாசம் தெரியும்? பூட்டுகிற நேரத்துக்குப் பயந்து நாங்கள் கழுவவே இல்லை.

4 ஜனவரி, திங்கள்

தாள்களை மேசையில் விரித்தேன். சார் பார்க்கவில்லை. பார்க்காமலே பேசினார்.

"என்ன தலைப்பு போடணும்ங்கே நீ?"

"நச்சுத்தன்மைன்னு போடணும் சார். ஏழு மருந்து இல்ல, விஷம். வாயுவால கூட இல்ல, உலோகத்தால விஷம். அதையும் ஹைட்ரோஸையும் எழுதினா, நாளைக்கு இந்த வழியில வர்றவங்க நம்ம குழியில விழமாட்டாங்க. வேற உலோகம் பாக்கலாம். எண்ணம் சாகல சார், ஏழுதான் செத்துது."

"பேப்பர்ல வந்திருக்கு. மாநாட்டுக்கு ரெண்டு பேர் பேரும் போயிருக்கு. அஞ்சு மாசத்துல நான் வீட்டுக்குப் போறேன். விஷத்தைக் கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டுப் போகவா?" தாள்களை என் பக்கமே தள்ளி, "இப்படியே குடு. பட்டம் வாங்கு. பிறகு நீயே ஒரு கட்டுரை எழுதி மறுத்துக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார்.

கெஞ்சுகிற குரலில் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"மாட்டேன் சார்" என்றேன்.

"அப்ப என் கையெழுத்து இல்ல."

சரி. இல்லாவிட்டால் போகட்டும்! என்ன செய்துவிடுவார்கள்? ஐந்து வருஷம் வீண்தான். வாப்பாவோடு தொட்டியில் நூல் முக்குவேன். நீலத்தை நீலம் என்று சொல்லிப் பிழைப்பேன்.

(எழுத்து கோணலா வருது. வரட்டும்.)

11 ஜனவரி, திங்கள்

பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் அனுப்பி ஏழு நாள். போடவில்லை. போடமாட்டார்கள் என்று தெரிந்துதான் அனுப்பினேன். இன்று இரண்டாவது கடிதம்.

20 ஜனவரி, புதன், பெருநாள்

ஆபிதா லாத்தா பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்து, உம்மா அடுப்படிக்குப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாக்கேன்னியே?"

சொன்னேன். எல்லாவற்றையும், அவருக்குப் புரிகிற மாதிரி. அது குழாயைத் திறப்பதில்லை, கொல்கிறது. மச்சானுக்குக் கொடுத்தால் கறுத்த விரலோடு நிற்காது. ஏழில் கட்டிப்போட்ட விஷவாயுதான் பீடிப் புகையிலும் வருகிறது என்றும் சொன்னேன்.

கையை உதறிவிட்டார். "பெரிய மருந்துன்னு ஊரெல்லாம் பேப்பர்ல போட்டுட்டு, இப்ப இல்லைங்கியா? உனக்கு மனசில்ல. எங்களுக்குன்னா உனக்கு இளக்காரம். நான் உங்க பெரிய சார்ட்டயே கேட்டுக்கிடுதேன்."

புது உடுப்போடு வாசலில் நின்றேன். பெருநாள் அன்றைக்கு யாரையும் அழ வைக்கக்கூடாது என்பார்கள். அழ வைத்துவிட்டேன். ஆனாலும் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

3 பிப்ரவரி, புதன்

நான் லேபுக்குள் போனால் சார் வெளியே போகிறார். நான் தினமும் போகிறேன்.

11 பிப்ரவரி, வியாழன்

ஆபிதா லாத்தா நிஜமாகவே போயிருக்கிறார்! மச்சானை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, பேராசிரியர் வீட்டை விசாரித்து, மகாராஜ நகருக்கு. இன்று அவரே வந்து சொன்னார். கோபமெல்லாம் வடிந்த குரல்.

"நல்ல மனுசன் பானு. உள்ள கூப்பிட்டு, நாற்காலி போட்டு, மச்சான் கால அவரே குனிஞ்சு பாத்தாரு. நான் அழுதேன். ஒரே ஒரு பொட்டலம்னு அவர் கால்ல விழப் போனேன். அவர் பதறிப்போயிட்டாரு. தரமாட்டேன்னாரு."

"என்ன காரணம் சொன்னாரு?"

"காரணம் ஒண்ணும் சொல்லல. தரமாட்டேன், தரமாட்டேன்னு ரெண்டு தடவை சொன்னாரு. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, விரல் போனாலும் கால் நிக்கும்னாரு. ஆட்டோவுல அவரே கைபிடிச்சு ஏத்திவிட்டாரு."

தரமாட்டேன் என்றாராமே. அந்த மனுஷன்.

12 பிப்ரவரி, வெள்ளி

அறைக்கதவைத் தட்டாமலே நுழைந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"ஆபிதா லாத்தாவுக்கு ஏன் சார் கொடுக்கல?"

நிமிர்ந்தார். "மனுசனுக்குக் குடுக்கணும்னா அனுமதி வேணும். முதல்ல எலி, பிறகு நாய்…"

"அனுமதி இருந்தா கொடுத்திருப்பீங்களா?"

மேசை மேலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"உங்க கால்னா போட்டுக்கிடுவீங்களா சார்?"

நானே தொடர்ந்தேன், நிறுத்த முடியவில்லை. "பீர் மைதீன் மச்சானுக்குக் கொடுக்கக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுது. அவர் உங்க முன்னால வந்து உக்காந்ததுனால தெரியுது. பேப்பரைப் படிச்சிட்டு வராம இருக்குத ஆளுங்களுக்கு யார் சார் சொல்லுவா? அவங்களுக்காகத்தான் தீசிஸ். என்கிட்ட என்னத்துக்குக் கையெழுத்துப் பேரம்?"

"நீ போ" என்றார். கோபமாக இல்லை. களைத்த மாதிரி.

பேரம் என்ற சொல்லைச் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் சொன்னதுதான் உண்மை. அவர் எனக்கு ஆசிரியர், எனக்காக ஸ்டோர் கிளார்க்கோடு சண்டை போட்டிருக்கிறார், நான் முதல் தடவை ஃபார்மிக் அமிலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டபோது குழாயடியில் அரை மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவரிடம் இப்படிப் பேச வேண்டி வந்ததே என்று பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருந்தது.

20 பிப்ரவரி, சனி

பீர் மைதீன் மச்சானுக்கு விரல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கால் தப்பிவிட்டது. வார்டில் போய்ப் பார்த்தேன். "எட்டு விரலு இருக்குல்லா, போதும்" என்று சொல்லிவிட்டு, தலையணைக்கடியில் கையை விட்டார். லாத்தா அந்தக் கையிலேயே ஓர் அடி வைத்தார். பீடிக்கட்டு தெறித்துக் கீழே விழுந்தது. சுற்றினவரே மிதித்தார்.

27 பிப்ரவரி, சனி

பார்மசி கல்லூரிக்கு என் பழைய தாள்களை எடுக்கப் போனேன். சாரம்மாள் அக்கா உட்காரச் சொன்னார்.

"உங்க சார் வந்தாரும்மா. போன சனிக்கிழமையும் அதுக்கு முந்தின சனிக்கிழமையும். தனியா. நான் தாள் புகை போட்டுக் குடுத்தேன். வளையத்த அவரே வெட்டுனாரு, பழக்கமில்லாம ரெண்டு மூணு வீணாப் போச்சு. ஏழு விட்டாரு. இறங்குச்சு. கழுவுனாரு. ஏறல. எத்தன தடவ கழுவுனாருன்னு நெனைக்கே? அஞ்சு மணி ஆச்சு, பூட்டணும்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆறரை வரைக்கும் கழுவிக்கிட்டே இருந்தாரு."

"பிறகு?"

"பிறகு என்ன, உக்காந்துட்டாரு. நான் காப்பி வாங்கிட்டு வந்து குடுத்தேன். குடிச்சாரு. தாள வார்னிஷ்ல முக்கச் சொன்னாரு. நல்லாக் காயவைங்க, பத்திரமா இருக்கணும்னாரு."

முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஓர் ஆள் தன் கையாலேயே தன் மருந்தைக் கழுவிக் கழுவிப் பார்த்திருக்கிறார். அதை நான் போய் நின்று வேடிக்கை பார்க்காமல் இருந்தது நல்லது.

9 மார்ச், செவ்வாய்

சந்தை நாள். தெரு முழுக்க ஆடு. அந்த நெரிசலில் கல்லூரி பியூன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பழுப்புக் கவர் ஒன்றைக் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

உள்ளே கறுப்புத் தாள்கள் நாலு, வார்னிஷ் வாடையோடு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சாரின் சின்ன எழுத்தில் தேதி, அளவு, "கழுவிய பின் இறுக்கம் இல்லை." நாலாவது தாளில் கூடுதலாக ஒரு வரி: "சேர்த்துக்கொள்ளவும். என் பெயரோடு." பத்திரிகை ஆசிரியருக்கு அவர் எழுதின மறுப்புக் கடிதத்தின் கார்பன் நகல் ஒன்று. என்னுடையதைப் போல நீளமில்லை. மூன்றே வரி.

எல்லாவற்றுக்கும் அடியில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய தீசிஸ் படிவம். வழிகாட்டியின் கையெழுத்து, முத்திரை, நேற்றைய தேதி. மேலே, தலைப்பு எழுத வேண்டிய இரண்டு வரியும் காலி.

எந்தத் தலைப்புக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் யாரும் போடமாட்டார்கள். அவர் என்னவென்று தெரிந்தேதான் போட்டிருக்கிறார். எழுத மட்டும் அவரால் முடியவில்லை.

உம்மா, "என்னளா, வேலைக்கு ஆர்டரா?" என்று கேட்டாள். "இல்ல உம்மா" என்றேன். பேனாவில் மை நிரப்பி, கையைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியில் நச்சுத்தன்மை என்று எழுதினேன்.